கதவை மூடி எடுத்த படம்

எங்கள் பணிமனையில் யாருடைய சைக்கிள் வேண்டுமானாலும் களவு போகலாம், பெயின்டருடையது மட்டும் போகாது. எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் ஊர்க்கோடிக்குப் போனாலும் கண்ணில் பட்டுவிடுவான். மட்கார்டில் விளக்கு பட்டால் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் பட்டை, பெடல் இரண்டிலும் பட்டை, கேரியருக்கு அடியில் பட்டை. சாப்பாட்டுப் பையில்கூட ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டியிருப்பார். வீட்டுக் கேட், மாடிப்படியின் விளிம்புகள், மழைக்கோட்டின் முதுகு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. "அண்ணன் வீட்டு மொட்டை மாடியில விமானம் இறங்கினாலும் இறங்கும்" என்று ஃபிட்டர்கள் பேசிக்கொள்வார்கள். முன்பெல்லாம் இப்படி ஒருவர் வாயைத் திறந்தால் பெயின்டர் திருப்பி நாலு வார்த்தை கொடுப்பார், அதில் சொன்னவனே சிரித்துவிடுவான். இப்போது காதில் விழாததுபோலப் போய்விடுகிறார்.

தீயணைப்புத் துறையின் பணிமனை இது. பழுதான வண்டிகள் எல்லா நிலையங்களிலிருந்தும் இங்கே வரும். பெயின்டர் இங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அதற்கு முன்னால் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் பத்து வருடம் எமரி பேப்பர் தேய்த்தவர். அங்கே நூறு நிறம் அடித்த கை, இங்கே வந்து ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டது. "தும்மினாக்கூட சிவப்பாத்தான் வருது" என்பார். அவர் அடித்த வண்டியில் தூரிகைத் தடத்தைக் கண்டுபிடித்தால் டீ வாங்கித் தருவதாக ஒரு நிரந்தரப் பந்தயம் இருந்தது. நான் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

ஆனால் அந்தச் சிவப்பை அவர் நம்பியதில்லை. பகலில் இதைப்போல எடுப்பான நிறம் கிடையாது, வெளிச்சம் இறங்க ஆரம்பித்தால் முதலில் கறுக்கிறதும் இதுதான் என்பார். மழை பெய்யும் ஒரு சாயங்காலம் என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்திக் காட்டினார். உள்ளே தரையில் கிடந்த மஞ்சள் வாளி தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்த வெள்ளைத் துண்டு தெரிந்தது. பத்து டன் வண்டி எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

இதைச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று முறை மனுப் போட்டவர் அவர். தட்டச்சுக்காரரைக் காக்காய் பிடித்து எழுதி வாங்கியிருக்கிறார். பழைய வண்டிகளின் பின்பக்கத்தில் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும், லாரிகளுக்கே இருக்கிறது, நமக்கு இல்லையா என்பதுதான் சாரம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. மூன்றாவது மனுவே திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரியோடு: பெயின்டரின் பணி வண்ணம் பூசுதல் மட்டுமே.

அவர் இப்படி மல்லுக்கு நின்றதற்குக் காரணம் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்துவந்து, விடிகாலையில் ஓடவைத்து, கயிறு ஏறவைத்து, தீயணைப்பு வேலையில் சேர்த்துவிட்டது இவர்தான். மாமியார் அன்றைக்கே சொல்லிவிட்டாராம், "எனக்கு இருக்கறது ஒத்தப் பிள்ளை. இனி உங்க பொறுப்பு மாப்பிள்ளை" என்று. அவன் மூன்றாம் எண் வண்டியில் பம்பு இயக்குகிறவன் ஆனான். பெயரே பம்பு என்று ஆகிவிட்டது.

பழைய வண்டிகளில் பம்பு பின்பக்கத்தில் இருக்கும். அதை மூட, அலமாரிக்கு இருப்பதுபோல இரட்டைக் கதவு. தீப்பிடித்த இடத்தில் வண்டி நின்றதும் முதல் வேலை அந்தக் கதவுகளை விரித்துக் கொக்கி மாட்டுவது. அப்போது அவை வண்டிக்கு இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவிடுவார்கள். பம்பு இயக்குகிறவன் மட்டும் வண்டிக்குப் பின்னால், சாலையில், வருகிற வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் வால்வைப் பிடித்தபடி நிற்பான். ஒரு முறை ஒரு வேன் அவன் சட்டையை உரசிக்கொண்டு போனது. பணிமனைக்கு வண்டி கொண்டுவந்தபோது அதையே வேடிக்கையாகச் சொன்னான்.

"என்ன மாமா, வருஷா வருஷம் வண்டி மூஞ்சிக்கே பவுடர் பூசறீங்க. என் முதுகை யாரு பாக்கறது?"

"உன் முதுகைப் பாத்துத்தான்டா என் தங்கமான பொண்டாட்டி எனக்குச் சோறு போடறா" என்றார் பெயின்டர். எல்லாரும் சிரித்தோம். அவர் அன்று சாயங்காலம்தான் மூன்றாவது மனுவை எழுதி வாங்கினார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா என் பட்டத்துக்குச் சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர்களின் தலையில் இடிக்கிற மாதிரி மாட்டிவைத்திருக்கிறார். குனிந்துதான் உள்ளே வரவேண்டும். பணிமனையில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தபோது எனக்கு ஒரு தனி மேஜையும், வரைபடம் வரைய ஒரு கணினியும் கொடுத்தார்கள். என்னைவிட இருபது வயது மூத்த ஃபிட்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. பெயின்டர் மட்டும் கையைக் கட்டவில்லை. "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். நான் "அண்ணே" என்றேன்.

போன வருடம் புது வண்டிகள் வந்தன. அவற்றின் முதுகில் கம்பெனியிலேயே சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்வுப் பட்டைகள் ஒட்டியிருந்தன. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கீழே இறங்கும், கூரை மாதிரி. பின்னாலேயே உத்தரவும் வந்தது: பழைய வண்டிகள் பதினொன்றுக்கும் இதேபோல ஒட்ட வேண்டும், பின்பரப்பில் பாதிக்குக் குறையக் கூடாது, ஒவ்வொரு வண்டிக்கும் வரைபடமும் ஒட்டியபின் புகைப்படமும் அனுப்ப வேண்டும். வரைபடம் என் பொறுப்பு. கொட்டகையில் வரிசையாக நின்ற வண்டிகளை இரண்டு நாள் அளந்தேன். கைப்பிடி, பூட்டு, எண் பலகை எதையும் விடவில்லை. நான் தனியாகச் செய்த முதல் வேலை. அழகாக வந்திருந்தது. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

பெயின்டருக்கு அன்று தலைகால் புரியவில்லை. தான் கேட்டதைக் கடைசியில் தந்துவிட்டார்கள் என்று வீட்டுக்கு வேறு ஃபோன் செய்து சொன்னார். நான் வரைபடத்தை விரித்ததும் ஃபோர்மேனும் நாலைந்து ஃபிட்டர்களும் கூடிவிட்டார்கள். பெயின்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. கதவைத் திறந்தா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். புது வண்டிக்குப் பம்பு நடுவில், அதனால் முதுகு எப்போதும் முதுகாகவே இருக்கும். நம் வண்டிக்கு முதுகே கதவுதான். கதவை விரித்தால் பட்டை ஒட்டிய முகம் முன்பக்கம் திரும்பிவிடும். பின்னால் வருகிறவனுக்குத் தெரிவது கதவின் உள்முகம், அதாவது சாம்பல் பெயின்ட், நடுவில் பம்பு இருக்கும் இருட்டுப் பொந்து. பின்விளக்குகள் முழங்கால் உயரத்தில் சேறு அப்பிக் கிடக்கும். சுழல் விளக்கைத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். ஓடும்போது பளபள, நின்று வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை. உள்முகத்திலும் ஒட்ட வேண்டும் என்றார்.

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் ஒரு ஃபிட்டர் அப்போது, "நாலு வருஷம் படிச்சும் கதவு திறக்கும்னு சொல்லித் தரலை போல" என்றான். சிரித்தார்கள். பெயின்டரும் சிரித்தார். அவர் சிரித்தது மச்சானுடைய முதுகு தப்பிக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில்கூட இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது சட்டம் போட்டு மாட்டிய பட்டம்தான்.

உத்தரவில் கதவின் உள்முகம் என்ற பேச்சே இல்லை என்றேன். வரைபடம் மேலிடத்துக்குப் போய் ஒப்புதல் ஆகிவிட்டது, மாற்றினால் மறுபடி முதலிலிருந்து, கெடு தேதி தாண்டிவிடும் என்றேன். இரண்டும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வரையறது என் வேலை. ஒட்டறது உங்க வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தாப் போதும்."

சிரிப்பு நின்றது. பெயின்டர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"சரிங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து நான் சார்.

பிறகு அவர் ஒட்டியதை ஒட்டல் என்று சொல்லக் கூடாது. அது ஒரு பழிவாங்கல். பழைய பெயின்டை எமரி போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் வழித்து ஒட்டினார். ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஊசியால் குத்தி, சூடு காட்டி அமுக்கினார். ஏழாம் எண் வண்டியில் எண் பலகையின் இடத்தை நான் இரண்டு விரல் தள்ளி வரைந்திருந்தேன். அவர் வரைபடத்தில் உள்ளபடியே வெட்டினார். பலகைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் பெயின்ட் பல்லைக் காட்டியது. ஃபோர்மேன் என்னய்யா இது என்று கேட்டதற்கு, வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. பதினொரு வண்டியும் கெடுவுக்குள் முடிந்தன. நான் ஒவ்வொன்றையும் கதவை மூடி நிறுத்தி, வெயிலில் படம் எடுத்து அனுப்பினேன். மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அம்மா அதற்கும் சட்டம் போட்டார்.

சுருளில் பட்டை மிஞ்சியது. மூன்று வண்டிகளின் உள்முகத்துக்குத் தாராளமாகப் போதும். பெயின்டர் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். மூன்றாம் எண் வண்டியை எடுத்துப்போக வந்த பம்பு, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து பார்த்தான்.

"மாமா, உள்பக்கம்?"

"உன் இன்ஜினியர் சார்கிட்ட போய்க் கேளு" என்றார் பெயின்டர், எனக்குக் கேட்கிற மாதிரி. அவன் என் பக்கம் பார்த்தான். நான் கணினியைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அரை மணி நேர வேலை. சாவி பெயின்டருடைய அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு மாதம் கழித்து, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் புறவழிச்சாலையில் எண்ணெய் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. மூன்றாம் எண் வண்டி போய் நின்றது. கதவுகளை விரித்தார்கள். வண்டிக்கு இரண்டு ஒளிர் அங்கிதான், அவற்றைச் சாலையை மறிக்க ஓடிய இரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. பம்பு வால்வைத் திறந்துகொண்டிருந்தான். பின்னால் வந்த சரக்கு வேனை ஓட்டியவர் பிறகு சொன்னார், வண்டி நிற்பதாகவே தெரியவில்லை, பாலத்துக்கு அடியில் இருட்டாகத் தெரியுமே அப்படித்தான் இருந்தது, வழி என்று நினைத்துத்தான் போனேன் என்று. அவர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. வண்டிக்கும் வேனுக்கும் நடுவில் அகப்பட்ட பம்புவின் வலதுகாலைத் தொடையோடு எடுத்தார்கள்.

நான் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெயின்டரும் அவர் மனைவியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். பம்பு மருந்து மயக்கத்தில் பாதி விழித்திருந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவனாகவே அக்காவிடம் பேசினான்.

"மாமா இன்ஜினியர் சார்கிட்டக் கேக்கச் சொன்னாருக்கா. நான்தான் கேக்காம வந்துட்டேன்."

எதைக் கேட்க என்று அந்தம்மா புருஷனைப் பார்த்தார். பெயின்டர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. அன்று சொல்லவில்லை. கதவின் உள்முகம், மிச்சச் சுருள், அலமாரி எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க கையிலேயே இருந்துச்சா?" என்று கேட்டார் அந்தம்மா.

அதற்குப் பிறகு அவர் புருஷனிடம் பேசி நான் பார்க்கவில்லை. பேசுகிறாரோ என்னவோ. சாப்பாட்டுப் பை தினமும் வருகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விசாரணை நடந்தது. பாராட்டுக் கடிதம் அனுப்பிய அதே மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் எண் வண்டியின் பின்பக்கம், கதவு மூடி, வெயிலில் ஜொலித்தது. இது ஒப்புதல் பெற்ற வரைபடப்படிதான் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வரைபடப்படிதான் ஒட்டினீர்களா என்று பெயின்டரைக் கேட்டார். "மயிரிழை பிசகாம ஒட்டினேங்க" என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். பெயின்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தால் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லை என்றோம், இரண்டு பேரும், ஒரே குரலில்.

முடிவு பத்து நாளில் வந்தது. வண்டியில் விதிப்படி ஒளிரும் பட்டைகள் இருந்தன, ஊழியர் பாதுகாப்பு அங்கி அணியாமல் நின்றது அவருடைய கவனக்குறைவு. அதைப் பம்புவின் பணிப்பதிவேட்டில் எழுதினார்கள். இப்போது அவன் கட்டுப்பாட்டு அறையில் ஃபோன் எடுக்கிறான். தங்குவது அக்கா வீட்டில்தான், மாமியாருக்குக் கொடுத்த வாக்கு அப்படி. மாமா, உப்பு எடுங்க, மாமா, கதவைச் சாத்துங்க என்று சகஜமாகத்தான் பேசுகிறானாம். வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை.

அதன்பிறகுதான் பெயின்டர் கண்ட இடத்தில் எல்லாம் பட்டை ஒட்ட ஆரம்பித்தார். சுருளை வெளியே எடுத்தார். பழுதுக்கு வருகிற பழைய வண்டி ஒவ்வொன்றின் கதவு உள்முகத்திலும், யாரையும் கேட்காமல், சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டினார். சுருள் தீர்ந்ததும் தானே வெளியில் வாங்கிவந்து ஒட்டினார். வீட்டுக்கும் சைக்கிளுக்கும் போனது அதில் மிஞ்சிய துண்டுகள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். எனக்குப் பழகிப்போன வேலை அது. ஆறு வண்டி முடிந்திருந்தபோது நிலையத்துக்கு ஆய்வுக்குப் போன அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. அனுமதிக்கப்படாத குறியீடு, யார் ஒட்டியது, விளக்கம் கேட்கவும், உடனே நீக்கிப் புகைப்படம் அனுப்பவும் என்று கடிதம் வந்தது. விளக்கம் கேட்டு மெமோ தயாரிக்க வேண்டியவன் நான்தான்.

தயாரித்தேன். கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயின்டர் கண்ணாடியை மாட்டி, நின்றபடியே முழுக்கப் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரு எழுத்து தப்பில்ல" என்றார். பிறகு மேஜையிலிருந்த சுரண்டியை எடுத்து மெமோவின் மேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "ஒட்டறது என் வேலைன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்க. உரிக்கறது யாரு வேலைன்னு இதுல எழுதலையே."

சுரண்டியை எடுத்துக்கொண்டு ஆறு வண்டியும் நின்ற நிலையங்களுக்குப் போனேன். முதல் வண்டியின் கதவைத் திறந்து ஒரு மூலையில் சுரண்டியை வைத்துப் பார்த்தேன். பிசிறில்லாத ஒட்டல், நகம்கூட உள்ளே போகவில்லை. பிறகு கதவைச் சாத்தினேன். அனுப்ப வேண்டியது வண்டியின் பின்பக்கப் படம். கதவை மூடினால் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் படத்திலும் தெரியப்போவதில்லை. ஆறு வண்டிக்கும் ஆறு படம் எடுத்தேன். அனுமதிக்கப்படாத குறியீடுகள் நீக்கப்பட்டன, படங்கள் இணைப்பில் என்று எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: ஏற்கப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பதிலை எடுத்துக்கொண்டு பெயின்டரைத் தேடிப் போனேன். வேலை முடிந்து சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன, மிச்ச ஐந்து வண்டிக்கும் தாராளமாக ஒட்டலாம், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். பழையபடி தம்பி என்று சொல்வார் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அன்னிக்கே உள்ளயும் ஒட்டிட்டு, கதவை மூடி இதே படத்தை எடுத்து அனுப்பியிருக்கலாமே சார்" என்றார். "உங்களுக்கும் தோணலை. எனக்கும் தோணலை."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போன வண்டிகளின் விளக்கு பட்டபோதெல்லாம் அந்த மட்கார்டும் பெடல்களும் எரிந்து எரிந்து அணைந்தன. திருப்பம் வரைக்கும் தெரிந்தார்.